ஆடிப்போன படம்

ஆவணியும் புரட்டாதியும் கழிந்து திருவிழாக் கடைகளைப் பிரித்துக் கொண்டுபோன பிறகும் சில படங்கள் மனதைவிட்டுப் போக மறுக்கின்றன. நல்லூர், செல்வச்சந்நிதி, வல்லிபுரம் என்று ஒவ்வொரு தேரும் இருப்புக்குத் திரும்பியதும் யாழ்ப்பாணத்து இளம் படப்பிடிப்பாளர்கள் முகநூலில் ஏற்றுகிற படங்களுள் ஒரு வகை ஆண்டுக்காண்டு கூடி வருகிறது. காவடிக்காரன் சுழல்கிறான். மயிலிறகு பச்சையும் நீலமுமாக ஒரே வட்டமாய் விரிந்துவிட்டது. இடுப்பில் கட்டிய சிவப்புச் சால்வை ஒரு நீண்ட கோடு. மேளக்காரரின் கை இருந்த இடத்தில் பழுப்புப் புகை. கால்களைச் சுற்றி மணல் எழும்பி நிற்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் தோலின் நிறம் மட்டும் இழுபட்டுக் கிடக்கிறது. அழகான படங்கள். நானும் எடுப்பவன், எடுத்த கணத்தில் கமராவின் பின்திரையைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி எனக்குத் தெரியும். ஆனால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போகையில் ஒரு சஞ்சலம் மெல்ல ஏறுகிறது. ஒரு முகத்தை இவ்வளவு இலேசாகக் கரைத்துவிடுகிற அழகுக்கு, காணாமலாக்கப்பட்டவர்களின் முகங்களைக் கையில் பிடித்தபடி இன்னும் றோட்டோரத்தில் நிற்கிற மனிதர் வாழும் மண்ணில் என்ன பொருள்? கலை வேறு, அது வேறு என்று சொல்லிக் கடந்துவிடலாம். அந்தப் பதிலில் என் மனம் அமரவில்லை.

எங்கள் வீடுகளில் இப்படியொரு படத்தைக் கண்டால் பெரியவர்கள் ‘படம் ஆடிப்போச்சு’ என்பார்கள். ஸ்ரூடியோக்காரர் நாடியைத் தொட்டு நிமிர்த்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ‘அசையாதேங்கோ’ என்று எடுத்த காலத்துப் பேச்சு அது. ஆடினால் காசு நட்டம். இன்றைக்கோ ஒரு படத்தை வேண்டுமென்று ஆட்டுவதற்கு மினக்கெட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, துவாரத்தை எஃப்/16 வரைக்கும் சுருக்கினாலும் ஷட்டர் ஏறத்தாழ 1/100 விநாடியில் மூடிவிடும். நடக்கிறவர் தூக்கிய காலோடு நின்றுபோவார். 1/12 விநாடிக்கு இறங்கவேண்டுமென்றால், எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன்னால் பூட்டவேண்டும். கைபேசிகளில் துவாரம் பெரும்பாலும் மாறாதது. பகலில் அவை தாமாகவே விநாடியை மிகச் சிறிதாக அரிந்துவிடுகின்றன. ஆகவே தேரடியில் உயர்ந்து நிற்கும் அத்தனை கைபேசிகளிலும் எவரும் அசைவதில்லை. வடம் பிடித்தவர்கள் பிடித்தபடி. ‘அரோகரா’ என்று திறந்த வாய் திறந்தபடி. வியர்வைத் துளிகூட எண்ணத்தக்கதாய்த் தெரியும். ஆனால் நல்லூர் வீதியில் தேர் நாளில் நின்றவருக்கு ஞாபகம் இருப்பது வேறு: சனத்தின் நெருக்கத்தில் உடம்பு தன்பாட்டில் ஒரு பக்கம் சாய்வது, மணல் காலுக்கடியில் நழுவுவது, முன்னால் நிற்பவரின் ஈர முதுகு வந்து முட்டி விலகுவது, கற்பூரப் புகையில் கண் எரிந்து எதையும் முழுதாகக் காணமுடியாமல் இருப்பது. கூர்மையான படத்தில் இவை ஒன்றும் இல்லை. இந்தக் குறையை உடம்பால் உணர்ந்தவர்தான் ஷட்டரை மெதுவாக்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அந்த மட்டில் அந்த வேலை நேர்மையானது.

மெதுவான ஷட்டரோடு இரண்டு விதமாக நிற்கலாம். ஒன்று, கமராவை நிலத்தோடு நிறுத்திவிட்டுக் கடந்துபோகிறவற்றைக் கடந்துபோக விடுவது. மற்றது, போகிறவரோடு சேர்ந்து, அவருடைய வேகத்திலேயே கமராவைத் திருப்பிக்கொண்டு போவது. இரண்டின் வேறுபாடும் எனக்கு நன்றாக விளங்கியது வலிகாமத்துச் சவாரித் திடல் ஒன்றில்தான். மாட்டுவண்டிச் சவாரியில் வண்டிகள் சோடி சோடியாக ஓடும். வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறதென்று வைத்துக்கொண்டால், 1/15 விநாடியில் அது அரை மீற்றருக்குச் சற்று மேலே நகர்ந்துவிடும். நிலத்தோடு நின்ற கமராவில் மாடுகள் செம்மண் புழுதிக்குள் ஒரு வெள்ளை இழுவையாகின்றன. திடலின் மறுபக்கம் நிற்கும் சனம் தெளிவாகத் தெரியும். சில்லைப் பார்த்தால் ஒரு விந்தை. ஓடும் சில்லில் நிலத்தைத் தொடுகிற புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிப் புள்ளியோ வண்டியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே படத்தில் கீழ் ஆரக்கால்கள் குறைவாகக் கலங்கியும் மேல் ஆரக்கால்கள் முற்றாகக் கரைந்தும் இருக்கும். நிலத்தில் ஊன்றிய மாட்டின் குளம்பும் அப்படியே, அது மட்டும் கூராக நிற்கும். இனி வண்டியோடு சேர்ந்து கமராவைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் தலைகீழாகும். சில்லின் குடம் தெளிவு, விளிம்பு முழுவதும் ஒரே சீரான சுழல். நாம்பனின் கண், வாய் நுரை, ஓட்டுகிறவரின் இறுகிய தாடை தெளிவு. ஊன்றிய குளம்பு கரைந்துவிடும். பார்த்து நின்ற சனம் முழுவதும் நிறக்கோடுகளாகிப் பின்னுக்குப் போய்விடும். எதன் வேகத்தைத் தன் வேகமாக எடுத்துக்கொள்கிறோமோ அது ஒன்றே படத்தில் முகத்தோடு மிஞ்சுகிறது. அப்படியென்றால் ஆடிய படம் எடுக்கிற ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஆரோடு நிற்கிறேன் என்று ஒரு தெரிவைச் செய்கிறார்.

இந்த இடத்தில் படப்பிடிப்பாளர் எர்ன்ஸ்ட் ஹாஸை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1956இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் அவர் எடுத்த காளைப்போர்ப் படங்கள் இந்த வழிக்கு ஒரு தொடக்கம் போன்றவை. கையிலிருந்த கோடக்குரோம் வண்ணச் சுருளின் உணர்வெண் 10 அளவில்தான். இன்றைய கமராக்கள் பெரும்பாலும் அவ்வளவு மந்தமாக இரா. அந்த மந்தத்தை அவர் தடையாகக் கொள்ளாமல் காளையின் பாய்ச்சலை நிறத்தின் பாய்ச்சலாகவே விட்டார். கருமையும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழல்கின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத படங்கள். ஆனால் காளையின் தோளில் ஏறியிருக்கும் ஈட்டி அந்தச் சுழற்சிக்குள் எங்கே போயிற்று? எங்கள் திடலிலும் இதே கேள்வி உண்டு. ஓட்டுகிறவரின் கையில் துவரங்கேட்டி இருக்கிறது. 1/1000 விநாடியில் எடுத்தால் அது மாட்டின் முதுகில் விழுந்த தடமும், அடிபட்ட தோலின் சுருக்கமும் தெரியும். 1/15இல் கேட்டி ஒரு மெல்லிய வளைகோடு. நடனக்காரியின் கைவீச்சு போல அழகாக இருக்கும். அடி கோலமாகிவிடுகிறது. சவாரியை நான் வெறுப்பவன் அல்லன். சவாரி மாடு வளர்ப்பவர்கள் அவற்றை எவ்வளவு சீராட்டுகிறார்கள் என்பதும், புல்லும் பருத்திக்கொட்டையும் தேடி எவ்வளவு அலைகிறார்கள் என்பதும் தெரியும். இருந்தும், ஒரு படத்தின் அழகு எந்த வலியை விழுங்கிக்கொண்டு வந்தது என்று கேட்கும் உரிமையைப் பார்வையாளரிடமிருந்து பறித்துவிடக்கூடாது. அசைவைக் காட்டுகிறேன் என்று சொல்லி அசைவின் காரணத்தை மறைத்துவிடுவது மிக எளிது.

ஷட்டர் வேகத்தை மனிதன் தெரிவுசெய்ய முடியாதிருந்த காலம் ஒன்றும் இருந்தது. 1838இல் புகைப்பட முன்னோடி தகேர் பாரிஸின் புல்வார் து தாம்பிள் தெருவைத் தன் வீட்டு யன்னலிலிருந்து எடுத்தார். ஒளிபடச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. வண்டியும் ஆளுமாக நிறைந்திருந்த தெரு வெறுமையாகப் பதிந்தது. ஒருவர் மட்டும் மிஞ்சினார், சப்பாத்துத் துடைப்பிப்பதற்காகக் காலை ஊன்றி நின்றவர். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எப்போதும் மனதில் நிற்பது அவருடைய காலடியில் இருந்தவர். குனிந்து, கையை ஆட்டி வேலைசெய்துகொண்டிருந்ததால் அவர் ஒரு மங்கிய திட்டாகவே தங்கினார். நிற்கக்கூடியவர் தெளிவாகிறார், நிற்பவருக்காக உழைக்கிறவர் கரைகிறார். இது ஒளியின் விதி மட்டும் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. இலங்கைக்கே வந்தால், 1875இல் இங்கு குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரூன் களுத்துறையில் இருந்து கிராமத்தவர்களையும் தொழிலாளர்களையும் எடுத்தார். நிமிடக் கணக்கில் நீளும் ஒளிபடல் அவருடையது. இங்கிலாந்தில் இருந்தபோதே அவருடைய படங்கள் கலங்கியவை என்று புகைப்படச் சங்கத்தார் கடிந்தார்கள். களுத்துறைப் படங்களில் நிற்பவர்கள் அசையாமல், இறுகி, நேரே பார்க்கிறார்கள். அவ்வளவு நேரம் அசையாதிருக்கும்படி அவர்களை நிறுத்தியது எது என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. பெயர் இல்லை. தெளிவு மட்டுமே மரியாதை என்று நம்பத் தொடங்கும்போதெல்லாம் அந்தப் பெயரற்ற தெளிவு என்னைத் தடுத்துவிடுகிறது.

தேரின் வடத்துக்கு வருவோம். மெதுவான ஷட்டரில் தேர் பெரும்பாலும் தெளிவாக வரும், அது பாரம், அங்குலம் அங்குலமாக நகர்வது. இழுக்கிற கைகள்தான் கலங்கும். நூறு கைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது ஆருடையது என்று பிரிக்க முடியாத ஒரே மண்ணிறத் திரளாக வடத்தைச் சுற்றி நிற்கும். இந்தக் காட்சியில் எனக்கு நீண்ட காலமாக ஒரு நெகிழ்ச்சி உண்டு. மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காக அடிபட்ட மண் இது. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயிலின் தேரை இழுக்க மண் அகழும் இயந்திரம் கொண்டுவரப்பட்டது. சில கைகள் வடத்தில் படக்கூடாது என்பதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேசியது, அந்தப் படம் கைபேசிகளில் பரவியது. அதைப் பார்த்தபின் அந்தக் கலங்கிய கைத்திரள் எனக்கு இன்னும் பெறுமதியாகத் தோன்றியது. கைகளுக்குச் சாதி தெரியாத ஒரு படம். ஆனால் அந்த நெகிழ்ச்சியையே நான் சந்தேகிக்கவும் வேண்டும். படத்தில் கைகள் ஒன்றாகிவிட்டதனால் வீதியில் ஒன்றாகிவிடவில்லை. ஆருக்கு வடம் மறுக்கப்பட்டதோ அவர் அந்தத் திரளுக்குள் இல்லாமல் இருப்பதையும் அதே கலங்கல்தான் மறைக்கிறது. தெளிவாக எடுத்த படமென்றால் ஆர் வந்தார், ஆர் வரவில்லை என்றாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

1/8 விநாடியில் எடுத்த ஒரு காவடிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஆடினவனின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வடமராட்சியில் கடலுக்குக் கிட்டிய ஒரு வீடு. தாயார் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ‘வடிவாத்தான் இருக்கு தம்பி’ என்றார். பிறகு, ‘ஆனா இதில ஆர் நிக்கிறது? என்ர பிள்ளையெண்டு நான் ஆருக்குக் காட்டுறது?’ குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ‘முகம் தெரியிற மாதிரி ஒண்டு இருந்தாத் தாங்கோ.’ அவருக்குப் பின்னால் சுவரில், காணாமற்போன மூத்த மகனின் படம் இருந்தது. ஒரு கலியாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது என்பது பார்த்தவுடனே விளங்கும்: ஓரத்தில் வேறொருவரின் தோளும் பூமாலையின் நுனியும் இருந்தன. அளவுக்கு மீறிப் பெருப்பித்ததனால் முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்திருந்தது. அந்தப் படத்தைத்தான் அவர் ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் போராட்டப் பந்தல்களுக்கும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறார். ஒரு முகம் தெளிவாகப் பதிந்திருப்பதன் தேவை என்னவென்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் படக்கலை நூலுக்கும் தெரிந்திராது. நான் சுழற்சி, பக்தி, ஆவேசம் என்று ஏதேதோ நினைத்து எடுத்த படம் அவருக்கு இன்னொரு பிள்ளையின் முகமும் இல்லாமற்போகிற படம். அடுத்த நாளே தெளிவான ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது சாதாரணமான படம். காவடியைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, களைத்து, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அதைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அதற்காக முகத்தைத் தெளிவாக எடுப்பதே அறம் என்று முடிவுகட்டவும் இந்த ஊர் என்னை விடுவதில்லை. தெளிவான முகம் இங்கே ஆபத்தாகவும் இருந்திருக்கிறது. அடையாள அட்டையில் இருக்கிற முகமும் தோளுக்குமேல் இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று காவலரண்களில் நின்று ஒப்பிட்டுக் காட்டிய தலைமுறை எங்களுடையது. சுற்றிவளைப்பில் வரிசையாக நடத்திச் செல்லப்பட்டு, வாகனத்துக்குள் முகம் மூடியிருந்த தலையாட்டியின் முன்னால் ஒரு கணம் நிற்க வைக்கப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கணத்தில் தன் முகம் எவருக்கும் தெரியாமல் போகட்டும் என்று வேண்டாதவர் இருந்திருக்க மாட்டார். போர் முடிந்த பிறகும் போராட்டங்களில் நிற்பவர்களை ஓரத்திலிருந்து படம் பிடிக்கிறவர்கள் வருவார்கள். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று நிற்பவர்களுக்குத் தெரியும். அப்படியான இடத்தில் ஒரு படப்பிடிப்பாளர் ஷட்டரை மெதுவாக்கி, அங்கு நின்றவர்களின் கோபத்தையும் கூட்டத்தின் அசைவையும் காட்டி, முகங்களை மட்டும் காப்பாற்றிவிட்டால் அது நல்ல காரியம். அதே நுட்பம், அதே 1/8 விநாடி. வடமராட்சி வீட்டில் இல்லாமையாக இருந்தது இங்கே மறைப்பாகவும் காவலாகவும் இருக்கிறது. தேடுகிற தாயே அந்தப் பந்தலில் நிற்பவரும். கையிலுள்ள படத்தில் முகம் தெளிவாக இருக்கவேண்டும், அதைப் பிடித்திருப்பவரின் முகம் தெரியாமல் இருக்கவேண்டும். ஒரே சட்டத்துக்குள் இரண்டும் வேண்டும். 1/8 விநாடிக்குக் கை நடுங்காமல் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பழகிப்போன காரியம்.

அசைந்ததெல்லாம் கலங்கும் என்பதிலும் எனக்கு ஐயம் வரும். இந்தியப் படப்பிடிப்பாளர் ரகு ராய் 1995இல் மும்பையின் சேர்ச்கேற் ரயில் நிலையத்தில் எடுத்த படம் பலருக்குத் தெரியும். வேலைக்குப் போகும் சனம் ஆறாகப் பாய்ந்து கலங்கிக் கிடக்க, நடுவில் நின்று பத்திரிகை வாசிப்பவர் தெளிவாக இருக்கிறார். அதே 1995, ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்கு அஞ்சி ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு. இலட்சக்கணக்கானோர், மழை, ஒரே றோட்டு. அன்று ஒருவர் விளக்கு வெளிச்சத்தில், கமராவை எதிலாவது ஊன்றி, ஒரு முழு விநாடி ஷட்டரைத் திறந்துவைத்திருந்தாலும் படம் பெரிதாக ஆடியிராது என்று அந்த வழி வந்தவர்கள் சொன்னதைக் கேட்கும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம் எடுத்தது. சைக்கிள் கரியரில் கட்டிய மூட்டை, பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்த கிழவி, தோளில் நித்திரையாகிப்போன குழந்தை எல்லாம் கூராகவே பதிந்திருக்கும். எங்கள் வரலாற்றிலேயே பெரிய நகர்வுகளில் ஒன்று, பார்வைக்கு அசைவில்லாமல். விரும்பி ஓடுகிறவனின் கலங்கல் ஒன்று. துரத்தப்பட்டவனோ நெரிசலுக்குள் சிலையாகிறான். திருவிழாவில் மெதுவான ஷட்டர் தருகிற அந்தப் பொங்கலும் பாய்ச்சலும் சுதந்திரமாக ஆடமுடிந்த உடம்பிலிருந்துதான் வருகின்றன. 1990களில் கோயில் வீதியில் ஆடியவர்களைவிட இன்று ஆடுகிறவர்களின் படங்கள் அதிகம் கலங்குகின்றன என்றால், ஒருவேளை அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். இதை உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லிப் பார்க்க ஆசை.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டங்களைப் பார்த்து நின்றபோதும் இந்த நினைப்பு வந்தது. பட்டத்தின் தலையில் பூட்டிய விண் காற்றில் அதிர்ந்து கூவும். கண்ணுக்கு விண்ணின் நாடா ஒரு மங்கிய பட்டையாகத்தான் தெரியும், எத்தனை வேகமான ஷட்டரில் எடுத்தாலும் அதன் கூவல் படத்தில் வராது. நாடாவை நிறுத்திப் பிடித்துக் காட்டுகிற படம் பட்டத்தின் தொழில்நுட்பத்தைக் காட்டும். அதிர்வை அதிர்வாக விட்ட படத்தில், அந்தக் கடற்கரையில் ஒருமுறையாவது நின்ற ஒருவருக்குக் காது கேட்கும்.

இன்னொரு கலங்கலும் உண்டு. எடுத்தவரின் கை நடுங்கியதால் வருவது. 1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கடலுக்குள் நின்று போர்ப் படப்பிடிப்பாளர் றொபேர்ட் கப்பா எடுத்த படங்கள் அப்படி ஆடியவை. ஆட்டத்துக்குக் காரணம் கையா, இருட்டறையா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போர் முடியும் தறுவாயில், 2009இன் முதல் மாதங்களில் வன்னியிலிருந்து வந்த கைபேசிக் காட்சிகளில் நிலமும் வானமும் புரண்டன. ஓடிக்கொண்டு பிடித்தவை, படுத்துக்கொண்டு பிடித்தவை. அவற்றில் கலங்கியிருப்பது எதிரே இருப்பவரை விடவும் பிடித்தவரின் உடம்பு. அந்த ஆட்டமே ஒரு சாட்சியம் என்று நான் நம்புகிறேன். ஆனால் ‘தெளிவில்லை’ என்ற ஒரு சொல்லால் அதைத் தள்ளிவிடவும் முடிகிறது, தள்ளியிருக்கிறார்கள். கண்காட்சிச் சுவரில் கலங்கலைக் கலையென்று கொண்டாடுகிற அதே கண், விசாரணை மேசையில் அதைக் குறையென்று ஒதுக்குகிறது. எங்கள் இளம் படப்பிடிப்பாளர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு ஷட்டரைத் திருகவேண்டும் என்று கேட்பது அதிகப்படியாக இருக்கலாம். ஆனால் கேட்கத்தான் தோன்றுகிறது.

இப்போது கலங்கலைத் துடைக்கிற காலம் வந்துவிட்டது. 2022இல் கூகிள் தன் கைபேசியொன்றோடு ஆடிய படத்தைத் தெளிவாக்கும் வசதியைத் தந்தது. அதற்குப் பிறகு அப்படியான மென்பொருள்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆடிய முகத்துக்குள் இல்லாத தகவலை அவை எங்கிருந்தும் மீட்பதில்லை, பார்த்துப் பழகிய கோடிக்கணக்கான முகங்களிலிருந்து ஒன்றை ஊகித்து நிரப்புகின்றன. யாழ்ப்பாணத்தில் இது முதலில் போய்ச் சேர்ந்த இடம் செத்தவீடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டு என்னும் நினைவுமலருக்கும், மதிலில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரு நல்ல படம் வேண்டும். சாரத்தோடு நின்றவருக்குக் கோட்டு மாட்டிவிட்ட ஸ்ரூடியோக்கள் இப்போது முகத்தையும் திருத்துகின்றன. எங்கள் பெரியம்மா ஒருவர் அண்மையில் காலமானார். அவருடைய இளவயதுப் படமென்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, இடப்பெயர்வுகளைத் தாண்டி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வந்து சேர்ந்தது. அதுவும் ஆடியது. ஷட்டர் விழுகிற நேரத்தில், பக்கத்தில் நழுவப்போன பிள்ளையைப் பிடிக்கச் சட்டென்று திரும்பியிருக்கிறார். கனடாவில் இருக்கும் மகன் அதைத் திருத்தி அனுப்பினான். பல் வரிசையாக, உதடு அளவாக, நெற்றி மினுமினுப்பாக, எங்களில் எவரும் அறியாத ஒரு பெண் எங்களைப் பார்த்தாள்.

இது அவ இல்லை என்றேன். ‘அம்மாவைக் காணாத பேரப்பிள்ளையள் பாக்கப்போற படம் அண்ணை, முகம் வேணும்’ என்றான். வடமராட்சித் தாயார் கேட்டதும் இதுவே என்பது எனக்கு உறைத்தது. அவருக்கு நான் கொடுத்தது உண்மையான முகம், இவன் கொடுக்கப்போவது செய்த முகம் என்று வாதாடினேன். ‘அப்ப அந்த ஆடின படத்தில மட்டும் அவ இருக்கிறாவோ?’ என்று கேட்டான். இருக்கிறா. கழுத்தை அப்படிப் பாதியில் திருப்புவது பெரியம்மாதான், எழுபது வயதிலும் அடுப்படியிலிருந்து அப்படியே திரும்புவார். பிள்ளையை நோக்கி நீண்டு கலங்கிய கை அவருடையது. எவரும் சொல்லி அவர் ஒரு கணமாவது கமராவுக்காக அசையாமல் நின்றதில்லை என்பதும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். அவன் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டு படங்களையும் அச்சகத்துக்கு அனுப்பிவைத்தான். அட்டையில் எது வரவேண்டும் என்று அச்சகத்துக்காரர் கேட்டிருக்கிறார். இதை எழுதும் வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வரவில்லை.